கேக் வேகும் என்று சொல்லிக் கிரில் ஓவனைத் தலையில் கட்டினார்கள்

ஆடித் தள்ளுபடியில் மைக்ரோவேவ் ஓவன் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கோவையில் ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடை. மகள் கேக் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அதற்குத்தான் ஓவன் என்று உள்ளே நுழைந்ததுமே சொன்னேன். "இதில் கிரில் இருக்கிறது மேடம். கேக், பிஸ்கட், ரொட்டி எல்லாம் வரும். கன்வெக்‌ஷனுக்கு எதற்கு வீணாகக் கூடுதல் பணம்?" என்று விற்பனையாளர் 20 லிட்டர் கிரில் மாடலைக் கொடுத்து அனுப்பினார்.

கேக் மேலே கருகியது, நடுவில் மாவாகவே நின்றது. எப்படி வேகும்? மைக்ரோவேவ் அலைகள் முக்கியமாக உணவிலுள்ள ஈரத்தைத்தான் சூடாக்குகின்றன. கிரில் கம்பி கூரையில் இருப்பதால் மேற்புறம் மட்டும் சிவக்கிறது. கேக்குக்குச் சுமார் 180 டிகிரி வெப்பக் காற்று சுற்றிலும் சுழல வேண்டும். அதற்கென்று தனி ஹீட்டரும் விசிறியும் உள்ளதுதான் கன்வெக்‌ஷன் மாடல். தினமும் ஓவன் விற்கிறவருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பவில்லை.

"1,200 வாட், சீக்கிரம் சமைக்கும்" என்றதும் பொய்தான். அது மின்சாரம் இழுக்கும் அளவு. சமைக்கும் திறன் 700 வாட் என்று ஓவனின் பின்புற லேபிளிலேயே இருக்கிறது.

திருப்பிக் கொடுக்கப் போனால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், மாற்ற முடியாது என்றார்கள். சர்வீஸ் மையத்திலோ, இயந்திரத்தில் பழுதே இல்லையே என்றார்கள். பில்லில் மாடல் எண்கூட இல்லை, "மைக்ரோவேவ் ஓவன்" என்று மட்டும் அடித்திருக்கிறார்கள்.

கேக் செய்ய வாங்குகிறீர்களா? பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். பொத்தான்களில் அல்லது திரையில் டிகிரி கணக்கில் வெப்பம் வைக்க முடிகிறதா, உள்சுவரில் விசிறிக்கான துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொதுவாக இந்த வகைக்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தேவைப்படும். மாடல் எண்ணும் "கன்வெக்‌ஷன்" என்ற சொல்லும் பில்லில் ஏறாமல் பணம் கட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு மேலாளர் தாமாகவே அழைத்தார். பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம். மறுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் மனுப் போட்டால் போதும்.