ஹை-டெக்கா, ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட்டா: ஆங்கில வாக்கியத்தில் எது எங்கே?

ஆங்கிலத்தில் ஒரு கருவியைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டுக்கும் நடுவில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் சிக்கலே.

பொருள்: ஹை-டெக் என்றால் உயர்ந்த தொழில்நுட்பம் கொண்டது, அவ்வளவுதான். ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட் என்றால் அந்தத் துறை இன்றைக்கு எட்டியிருக்கும் உச்சம். பத்து வருடப் பழைய ஸ்கேனரை ஹை-டெக் எனலாம், மற்றதைச் சொல்லவே கூடாது.

அளவு: 'வெரி ஹை-டெக்' சரி. 'வெரி ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட்' வேண்டாம், உச்சிக்கு மேல் எங்கே ஏறுவது?

ஹைஃபன்: இங்கேதான் கவனம் தேவை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இரண்டுக்குமே ஹைஃபன் கட்டாயம்: 'எ ஹை-டெக் லேப்', 'எ ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட் லேப்'. பின்னதில் மூன்று ஹைஃபன், ஒன்றைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதுவே பெயர்ச்சொல்லாக நின்றால் ஒன்றுமே வேண்டாம்: 'தி ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட் இன் ரோபாட்டிக்ஸ்'. இதுதான் மூல வடிவம், இங்கே 'ஆர்ட்' என்பது கலை அல்ல, தொழில்திறன். 1910-லேயே எரிவாயுச் சுழலி பற்றிய பொறியியல் நூலில் இப்படி வந்திருக்கிறது.

நடை: ஹை-டெக் பேச்சுவழக்குக்கு நெருக்கம், இன்னொன்று சற்றுக் கனம்.

பொதுவான விவரிப்புக்கும் நண்பருக்கு எழுதும் மெயிலுக்கும் ஹை-டெக் போதும். ஆய்வறிக்கையிலோ திட்ட முன்மொழிவிலோ, இதைவிடப் புதியது இப்போதைக்கு இல்லை என்று உங்களால் காட்ட முடிந்தால் மட்டும் ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட் போடுங்கள்.