கிங்டம் கம் 2: துப்பாக்கி பைத்தியங்களுக்கு மட்டும் ஒரு ரிவ்யூ

கதை, வாள் சண்டை, குதிரை பத்தியெல்லாம் ஆளாளுக்கு பேசி முடிச்சாச்சு, நான் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2ல வர்ற துப்பாக்கிய பத்தி மட்டும் சொல்றேன். 2025 பிப்ரவரில வந்த வீடியோ கேம், கதை நடக்கறது 1403ல, பொஹீமியால, அதாவது இன்னைக்கு செக் நாடு. அப்பவே துப்பாக்கியான்னு கேக்காதீங்க, இருந்துச்சு. ஜெர்மனில டானன்பெர்க்னு ஒரு கோட்டைய 1399ல இடிச்சுட்டாங்க, அந்த இடிபாட்டுக்குள்ள இருந்து ஒரு வெண்கல துப்பாக்கிக் குழாய் கிடைச்சிருக்கு, வெறும் 32 செ.மீ. நீளம்.

பழைய துப்பாக்கி எந்தக் காலம்னு தெரியணும்னா அழக பாக்காதீங்க, வெடிமருந்து எப்படி பத்துதுன்னு பாருங்க. கையாலயே நெருப்ப குழாய்ல இருக்கற ஓட்டைல வச்சா ஹேண்ட் கேனன். எரியற திரிய ஒரு கொக்கி புடிச்சுட்டு இருக்கும், கீழ இருக்கற விசைய அமுக்குனா இறங்கி பத்த வைக்கும், அது மேட்ச்லாக், 1400கள்ல வந்தது. சக்கரம் சுத்தி பொறி பறந்தா வீல்லாக், 1500கள் ஆரம்பம். சிக்கிமுக்கி கல்லு இரும்புல உரசுனா ஃபிளின்ட்லாக், 1600கள் ஆரம்பத்துல பிரான்ஸ்ல உருவானது, கடற்கொள்ளைக்காரன் இடுப்புல சொருகியிருக்கறது இதுதான். நிறைய படத்துல கட்டையும் குழாயும் இருந்தா போதும்னு 200 வருஷம் தள்ளி வந்தத தூக்கி கைல குடுத்துடறாங்க.

இந்த கேம்ல அந்த தில்லுமுல்லு இல்ல. வர்றது ஹேண்ட் கேனன்தான், ட்ரிகர் கிடையாது, லாக்னு சொல்ற பத்த வைக்கற பொறி கிடையாது, ஒரு குழாய், பின்னாடி ஒரு கட்டை, அவ்ளோதான். லோட் பண்றதுதான் கொடுமை, கேம் ஹீரோ ஹென்றி மருந்த கொட்டி குண்ட போட்டு கம்பிய விட்டு இடிச்சுட்டு இருப்பான், அதுக்குள்ள எதிராளி பக்கத்துல வந்து நிப்பான், நமக்கு இங்க வயித்த கலக்கும். ஆனா வெடிச்சா டமார்னு ஒரு சத்தம், கவசம் போட்டவனும் சாஞ்சிடுவான், கண்ணு முன்னாடி ஒரே புகை. கருமருந்து அப்படித்தான், எரிஞ்சதுல பாதிக்கு மேல புகையும் கசடுமாதான் மிஞ்சும்.

சண்டைக்கு உதவுமான்னா, தனியா வெட்டவெளில நின்னா சுத்தமா உதவாது, வில்லே தேவல. இதே கேம்ல வர்ற செக் தளபதி ஷிஷ்கா நிஜத்துல 1420கள்ல வண்டிகள வரிசையா நிறுத்தி, அதுக்குள்ள ஆளுங்கள வச்சு இந்த மாதிரி குழாய்ங்களாலதான் குதிரைப்படைய ஓட விட்டாரு. மறைவு இருந்தா லோட் பண்ண நேரம் கிடைக்கும், விஷயமே அதுதான். நீங்களும் சுவத்துக்கு பின்னாடி இருந்து மொத குண்ட விடுங்க, அப்புறம் கீழ போட்டுட்டு வாள உருவுங்க.

துப்பாக்கிக்கு 9/10. ஷூட்டர் கேம்னு நெனச்சு மட்டும் காச போட்றாதீங்க.