முதல் முறை நாய் விடுதி: நேரடியாகவா, ஒத்திகை பார்த்தா?

பயணம் கிளம்பும் நாளன்றே நாயை முதன்முதலாக விடுதியில் விட்டு, ஒரு வாரம் கழித்து அழைத்து வருவது ஒரு வழி. அலைச்சல் மிச்சம்தான். ஆனால் நாம் திரும்பி வருவோம் என்பது அதற்குத் தெரியாதே! புது இடம், பழகாத குரைப்புச் சத்தம் என மிரண்டு, சாப்பாட்டையே ஒதுக்கிவிடலாம்.

இன்னொன்று ஒத்திகை. முதலில் அரை நாள், பிறகு ஓர் இரவு. விட்டுப் போனவர்கள் வந்து கூட்டிப்போவார்கள் என்பதை நாய் பட்டுத் தெரிந்துகொள்கிறது. அங்கே சாப்பிட்டதா, தூங்கியதா என்பது நமக்கும் முன்பே தெரிந்துவிடும். பயந்த சுபாவமுள்ள நாய்க்கு இதைத்தான் சொல்வேன்.

எப்படி விட்டாலும், நீங்கள் உடுத்திய துவைக்காத சட்டை ஒன்றும் வழக்கமான உணவும் கூடவே போகட்டும். தீனி திடீரென மாறினால் வயிறு கெடும். தடுப்பூசிகளைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.