கிரேக்கத் தீவுகளில் சொகுசுப் படகு: வாடகை ஒரு லட்சம் யூரோ, பில் ஒன்றரை லட்சம்

ஆகஸ்ட் மாதம். ஏதென்ஸில் ஏறி மிக்கோனோஸ், பாரோஸ், சாண்டோரினி பார்த்துவிட்டு ஏழாம் நாள் ஏதென்ஸிலேயே இறங்க வேண்டும். 35 மீட்டர் மோட்டார் யாட், ஐந்து அறைகள், பத்து விருந்தினர், கேப்டனோடு சேர்த்து ஏழு ஊழியர்கள். வாரத்துக்கு ஒரு லட்சம் யூரோ. புரோக்கர் அனுப்பும் பளபளப்பான கோப்பில் இவ்வளவுதான் இருக்கும். இதை நம்பிப் பணம் கட்டியவர்கள் மூன்று இரவு ஏதோ ஒரு துறைமுகத்தில் கட்டிக் கிடந்து, சாண்டோரினியைக் கண்ணால் பார்க்காமல், மேற்கொண்டு ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு இறங்குவது கோடைதோறும் நடக்கிறது. இதில் பாதி மோசடியே இல்லை, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ளதுதான். மீதியில்தான் கைவரிசை.

மத்தியதரைக் கடலில் ஊழியரோடு வரும் படகுகள் பெரும்பாலும் மைபா என்ற புரோக்கர் சங்கத்தின் மாதிரி ஒப்பந்தப்படிதான் வாடகைக்குப் போகின்றன. அதன்படி வாடகைக்குள் அடங்குபவை படகு, ஊழியர் சம்பளம், அவர்கள் சாப்பாடு, படகின் காப்பீடு. டீசல், உங்கள் சாப்பாடு, மது, துறைமுகக் கட்டணம், செயற்கைக்கோள் இணையம் எல்லாம் ஏ.பி.ஏ. எனப்படும் முன்பணத்திலிருந்து போகும். பாய்மரப் படகுக்கு வாடகையில் 20 முதல் 25 சதவீதம், மோட்டார் படகுக்கு 30 முதல் 40 வரை கேட்பார்கள். இதற்கு மேல் வாட் வரி: இத்தாலியில் 22, ஸ்பெயினில் 21, பிரான்சில் 20 சதவீதம். கிரீஸில் பொது விகிதம் 24, படகு வாடகைக்குச் சலுகை உண்டு. எந்த விகிதம் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். "வரி தனி" என்ற இரண்டு சொல் போதாது. படகு வேறு துறைமுகத்தில் இருந்தால் அதைக் கொண்டுவரவும் திருப்பி அனுப்பவும் இடமாற்றக் கட்டணம். கடைசியில் ஊழியர் அன்பளிப்பு, வழக்கமாக 5 முதல் 15 சதவீதம். அது உங்கள் விருப்பம். ஏ.பி.ஏ. மிச்சத்தில் கழித்துக்கொள்கிறோம் என்று கேப்டன் தானாக எழுதிக்கொள்ள உரிமை இல்லை.

ஏ.பி.ஏ.வைத் தின்பது டீசல்தான். மேலே சொன்ன பாதை ஏறத்தாழ 300 கடல் மைல். இந்த அளவு படகு 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல் ஓடினால், மணிக்கு 500 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 மணி நேரத்துக்கு 7,500 லிட்டர். அதே தூரத்தை 12 நாட் வேகத்தில் போனால், மணிக்கு 180 லிட்டர் என்றாலும் 25 மணி நேரத்தில் 4,500 லிட்டரோடு முடியும். லிட்டர் 1.80 யூரோ என்றால் வித்தியாசம் 5,400 யூரோ. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜெனரேட்டரையும் மறந்துவிடுவார்கள். ஏ.சி.க்காக இரவு பகலாக ஓடும் அது மணிக்கு 20 லிட்டர் எடுத்தால் வாரத்துக்கு 3,360 லிட்டர், அதாவது ஆறாயிரம் யூரோ, படகு ஓர் அங்குலம் நகராமலேயே!

கைவரிசை நடப்பதும் இங்கேதான். முந்தைய விருந்தினர் இறங்கும்போது தொட்டி பாதி. நீங்கள் ஏறியதும் முழுவதும் நிரப்பி, ரசீதை அப்படியே உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். இறங்கும்போது தொட்டியில் மிஞ்சும் எண்ணெய்க்குப் பணம் கழித்துத் தர மாட்டார்கள். ஏறிய அன்றே என்ஜின் அறைக்குப் போய் டீசல் அளவுமானி, இரண்டு என்ஜின்கள், ஜெனரேட்டர்கள் ஆகியவற்றின் மணிக்கணக்கு மீட்டர் எல்லாவற்றையும் கேப்டனை வைத்துக்கொண்டு படம் எடுங்கள். இறங்கும் நாளும் அதேபோல். ஓடிய மணியை லிட்டரால் பெருக்கினால் ரசீதின் யோக்கியதை தெரிந்துவிடும். ஒழுங்கான கேப்டன் இதற்குக் கோபப்பட மாட்டார். தானே கூட்டிப்போய்க் காட்டுவார்.

மளிகையில் வேறு வித்தை. வினியோகஸ்தரிடம் கமிஷன் பேசிக்கொண்டு விலையை ஏற்றுவது, ஊழியர் சாப்பாட்டை உங்கள் பில்லில் சேர்ப்பது, திறக்காத ஒயின் பாட்டில்களை அடுத்த குழுவுக்கு மறுபடி விற்பது. நீங்கள் காசு கொடுத்த பாட்டில் உங்களுடையது. கையால் எழுதிய துண்டுச்சீட்டை ஏற்காதீர்கள். கணக்கைக் கடைசி நாள் காலையில் அல்ல, மூன்றாம் நாளே கேளுங்கள். பயணத்துக்கு முன் அனுப்பும் விருப்பப் படிவத்தில் "சைவம்" என்று மட்டும் எழுதினால் மீன் சாற்றில் வெந்த சோறு வரும். முட்டை, மீன், எலும்புச் சாறு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும்.

இப்போது சாண்டோரினி. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். பால்கன் பக்கம் உயர் அழுத்தம், அனதோலியா மேல் தாழ்வழுத்தம். இடையில் காற்று பாய்கிறது. மேகமே இருக்காது. நீல வானத்தின் கீழ், காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6, 7, சில நாள் 8. தொடங்கினால் பல நாள் ஓயாது. தெற்கே போகும்போது காற்று முதுகில், சுகமாக இருக்கும். சாண்டோரினியிலிருந்து ஏதென்ஸுக்குத் திரும்பும் ஏறத்தாழ 130 கடல் மைலும் அலை முகத்தில் அறையும். அதனால் விவரம் தெரிந்த கேப்டன் பாரோஸைத் தாண்டவே யோசிப்பார். துறைமுகக் காவல்துறை புறப்படவே தடை போடும் நாள்களும் உண்டு. சாண்டோரினியின் கால்டெரா, அதாவது கடல் புகுந்த எரிமலைப் பள்ளம், சில நூறு மீட்டர் ஆழம், நங்கூரம் போட இடம் கிடைப்பது அபூர்வம். பாதையைப் பற்றிக் கடைசிச் சொல் கேப்டனுடையது, வானிலையால் இழந்த நாளுக்குப் பணம் திரும்பாது. இவ்வளவும் புரோக்கருக்குத் தெரியும். தெரிந்தே விற்கிறார். எங்களைக் கேட்டால், டீசலில் திருடும் கேப்டனைவிட இவரே பெரிய குற்றவாளி.

ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் சரோனிக் வளைகுடாவில் ஏஜினா, போரோஸ், ஹைத்ரா, ஸ்பெட்செஸ் போதும். அல்லது மேற்கே அயோனியன் பக்கம், கோர்ஃபுவிலிருந்து பாக்சோஸ், லெஃப்கடா. மிக்கோனோஸ், பாரோஸ், சாண்டோரினி அடங்கிய சைக்ளடீஸ் தீவுக்கூட்டம்தான் வேண்டும் என்று பிடிவாதமா? ஏதென்ஸில் ஏறி தெற்கே இறங்கும் ஒருவழிப் பயணமாகப் பேசி, இடமாற்றக் கட்டணத்தை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

படகே இல்லாமல் பணம் பறிப்பதும் உண்டு. உண்மையான படகின் படங்களைத் திருடி, சந்தை விலையில் முக்கால் பங்குக்கு விளம்பரம். படகின் பெயர், கொடி, எம்.எம்.எஸ்.ஐ. எனப்படும் அதன் வானொலி அடையாள எண் கேளுங்கள்; கப்பல்களின் இருப்பிடம் காட்டும் ஏ.ஐ.எஸ். இணையதளத்தில் அது இப்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உரிமையாளர் சார்பில் அந்தப் படகை வாடகைக்கு விடும் மைய முகவர் யார் என்று நீங்களாகத் தேடி நேரில் பேசுங்கள். வழக்கமாகப் பாதி வாடகை கையெழுத்தின்போது, மீதி ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, ஏ.பி.ஏ.வோடு சேர்த்து. "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று இடையில் மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணுக்குத் தொலைபேசியில் கேட்காமல் ஒரு யூரோ அனுப்பக் கூடாது. வணிக உரிமம் இல்லாத தனியார் படகும் மலிவாகக் கிடைக்கும். அதிகாரிகள் பிடித்தால் படகு நிற்கும், காப்பீடும் செல்லாது. பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றுகிறேன் என்று சொல்லும் சாதாரண யாட்டையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. துருக்கியின் போட்ரும், கிரீஸின் கோஸ் இரண்டையும் சேர்த்து விற்கும் பாதையில் துருக்கிக்குள் நுழைந்ததும் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசாப் பகுதியைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசாவில் திரும்ப கோஸுக்குள் விடமாட்டார்கள். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலிருந்து மாண்டிநீக்ரோவின் கோட்டோர் போகிறவர்களுக்கும் இதே கதி. குரோஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனில் இருக்கிறது.

ஏ.சி. ஓடவில்லை, ஜெட் ஸ்கீ இல்லை, படத்தில் பார்த்த சறுக்குமரம் காணோம் என்றால் ஊருக்குத் திரும்பி வந்து எழுதலாம் என்று விடாதீர்கள். மைபா ஒப்பந்தப்படி புகாரை முதலில் கேப்டனிடம் சொல்லி, நாள், நேரம், விவரம் குறிக்கச் செய்ய வேண்டும். அங்கே தீராவிட்டால் சம்பவம் நடந்த 24 மணி நேரத்துக்குள் புரோக்கர் வழியாக உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நியாயமான பல கோரிக்கைகள் இந்த ஒரு நாள் கெடுவில்தான் செத்துப்போகின்றன. குறிப்பைப் படம் எடுத்து அன்றிரவே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், படகின் இணையக் கட்டணம் எவ்வளவானாலும் சரி.