ஆத்தங்குடிப் பூக்கல்: ஓலை பின்னும் அறைக்கு ஒத்துவருமா?

பள்ளத்தூரில் இருக்கும் தோழி ஒருத்தி தையல் வேலைக்காக வீட்டில் ஓர் அறையைச் சீர்செய்கிறாள். தரைக்கு ஆத்தங்குடிப் பூக்கல் (காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்) போடலாமா, நீ போட்டுப் புழங்குகிறாயே, எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டாள். சிவப்புச் சாயம் சிந்திய இடத்தைத் தேய்த்துக் கை ஓய்ந்திருந்த நேரம் அது. "போடாதே" என்று மட்டும் சொன்னேன். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டின் பக்க அறையில் நானும் ஆத்தாவும் ஓலைக் கொட்டான், அதாவது மூடி போட்ட பனையோலைக் கூடை, பின்னுவோம். ஆத்தா போன பிறகு அந்த அறையைப் பூட்டிவிட்டேன். கல்யாணச் சீருக்கு என்று கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன். கையில் ஓலையை எடுத்தால் இரண்டு வரிகூட ஓடாது. "ஒண்ணு அறையை மாத்து, இல்லேன்னா ஓலையை யாருக்காவது குடுத்துடு" என்று ஆச்சிதான் பிடிவாதமாக நின்றாள். அக்கா என்கிற உரிமை. சரி என்று இறங்கினேன். சுவருக்குச் சுண்ணாம்பு, ஜன்னலுக்குப் புதுக் கதவு, தலைக்கு மேலே இருந்த விளக்கை இடது பக்கச் சுவருக்கு மாற்றியது, இவற்றில் எல்லாம் குறை ஒன்றும் இல்லை. ஆத்தா உட்காரும் இடத்தில் பழைய சிமென்ட் தரை பெயர்ந்து குழி விழுந்திருந்தது. அதை ஒட்டுப்போட மனம் வராமல் முழுத் தரையையும் எடுத்துவிட்டுப் பூக்கல் போட்டேன். பத்து அங்குலக் கல், சிவப்பில் மஞ்சள் பூ, ஓரத்துக்குக் கறுப்பு.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல் கறை பிடிக்கும். விற்றவர் "ஒண்ணும் ஒட்டாது, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சா கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று அடித்துச் சொன்னார். கண்ணாடி மாதிரி இருப்பது உண்மைதான், அதற்குக் காரணமும் கண்ணாடிதான். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தையும் அச்சையும் வைத்து, ஆக்சைடு கலந்த சிமென்ட் குழம்பை நிறம் நிறமாக ஊற்றுகிறார்கள். மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவை நிரப்பி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. சூளையில் சுடுவது கிடையாது, மேலே மெருகுப் பூச்சும் கிடையாது. அதாவது, அது அழகான சிமென்ட். சிமென்ட் தண்ணீரைக் குடிக்கும், சாயத்தையும் சேர்த்துக் குடிக்கும். எங்கள் முகப்புச் சுவரில் அந்தக் காலத்தில் ஜப்பானிலிருந்து வந்த பூ ஓடுகள் இருக்கின்றன. அவை சுட்டு மெருகேற்றியவை. எது தெறித்தாலும் ஈரத் துணியால் ஒரு இழு இழுத்தால் போய்விடும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் தரைக் கல்லும் அப்படித்தான் என்று நம்புவதில் ஆச்சரியம் இல்லை. விற்கிறவர் அந்த நம்பிக்கையை வளர்த்துவிடக் கூடாது என்பதுதான் என் வருத்தம்.

ஓலை வேலையோ ஈர வேலை. ஈர்க்கு எடுத்துக் கிழித்த வாரைக் கொதிக்கும் சாயத்தில் போட்டு எடுக்க வேண்டும், பின்னுவதற்கு முன் நனைத்து இளக்க வேண்டும். சாயச் சட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டு போய்விட்டேன், அப்படியும் நனைத்த வாரிலிருந்து சொட்டுகிறது. கறை மேல் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். புளி, எலுமிச்சை, குளியலறைக்கு ஊற்றும் ஆசிட் எதுவானாலும் சிமென்ட்டில் இருக்கும் சுண்ணாம்பை அரித்துவிடும். கறை போகுமோ இல்லையோ, மெருகு போய்விடும். பிறகு அந்த இடம் சொரசொரவென்று இன்னும் அதிகமாக அழுக்கைப் பிடிக்கும்.

தேங்காயெண்ணெய் விஷயம் இன்னும் மோசம். மற்ற அறைகளுக்கு அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் பட்ட தரையில் பச்சை ஓலையைப் பரப்பினால் ஓலையிலும் எண்ணெய் ஏறும், ஏறிய இடத்தில் சாயம் பிடிக்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு கட்டு குருத்தோலையே இப்படிப் பாழானது. அதனால் நான் உட்காரும் மூலைக்கு மட்டும் எண்ணெய் இல்லை, அந்த மூலைதான் மங்கிக் கிடக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் கீழிருந்து ஈரம் ஏறி வெள்ளை வெள்ளையாக உப்பும் பூக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் போகும், அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

இப்போது நான் எதிர்பார்க்காமல் கிடைத்ததைச் சொல்ல வேண்டும்.

ஆத்தா எதையும் டேப் வைத்து அளந்ததில்லை. ஒரு ஜாண், அதற்கு மேல் இத்தனை விரற்கடை, அவ்வளவுதான் கணக்கு. அவள் நறுக்கிப் போடுவாள், நான் பின்னுவேன். அவள் இல்லாமல் நானே நறுக்கியபோது எல்லாம் சிறுத்து வந்தது, மூடி கொட்டானின் மேல் உட்காரவில்லை. என் ஜாண் அவள் ஜாண் இல்லை. நான் ஓலையைத் தொடாமல் இருந்ததற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை, அவளுடைய அளவு அவளோடு போய்விட்டது என்பதும்தான்.

தரை போட்ட பிறகு சாமான்களைத் திருப்பி அடுக்கும்போது, ஆத்தா பாதியில் விட்ட கொட்டான் ஒன்று கிடைத்தது. அடி முடிந்திருந்தது, பக்கம் ஏறவில்லை, வார்கள் நாலு புறமும் நீண்டு கிடந்தன. தரையில் வைத்து ஒரு வாரை நீவிவிட்டேன். முனைக்கு முனை சரியாக ஒன்றரைக் கல் நீளம் இருந்தது. பக்கத்து வாரும் ஒன்றரைக் கல். பெரிய கொட்டானுக்கு எவ்வளவு, மூடிக்கு எவ்வளவு என்று வீட்டில் இருந்த பழையவற்றை வைத்து அன்றே கணக்குப் போட்டுவிட்டேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் கோடுதான் இப்போது என் அளவுகோல். வாரை நீட்டி, கோடு வரும் இடத்தில் நறுக்குகிறேன். அடியின் சதுரம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்கவும் அதே கோடுதான். டேப்பில் அளந்திருந்தாலும் எண் கிடைத்திருக்கும், ஆனால் இரண்டு கையும் ஓலையில் இருக்கும்போது டேப்பை யார் பிடிப்பது?

அளவு கைக்கு வந்ததும் வேலை ஓடத் தொடங்கியது. ஆத்தாவின் அளவுகளையே கொஞ்ச நாள் செய்தேன். அப்புறம் அவள் செய்யாத இரண்டேகால் கல் அளவில், கறுப்பும் மஞ்சளும் மாறி மாறி ஏறும் பக்கங்களோடு ஒன்று முயன்றேன். அது மிக நன்றாக வந்தது. ஆச்சி அதைத் தன் பேத்தியின் சீருக்கு எடுத்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் மத்தியானம் முழுக்க அந்தத் தரையில் உட்கார்ந்து பின்ன முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும், அவ்வளவு குளிர்ச்சி. மார்கழியில் மட்டும் கோரைப் பாய் வேண்டும்.

இதற்குப் பிறகும் தோழிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். தையல் மெஷினிலிருந்து எண்ணெய் சொட்டும், கறுப்பாகப் பிடித்தால் அது போகாது. அவளுக்குத் தரையைக் கவனிக்க நேரமும் இல்லை, விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தைக்கட்டும். நானோ ஓலை அடுக்கும் அடுத்த அறைக்கும் பூக்கல்லே சொல்லியிருக்கிறேன்.

யாராவது போடுவதாக இருந்தால் ஒன்று மட்டும்: கணக்குக்கு மேல் பத்துக் கல்லாவது முதலிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள். கையால் கலக்கும் நிறம், நடைக்கு நடை மாறும். கறை பட்ட கல்லைப் பெயர்த்துவிட்டுப் பிறகு வாங்கியதை வைத்தேன், அது வேறு சிவப்பு.