சிக்னலிங்க் யூஎஸ்பி: காசு அந்தக் குமிழ்களுக்குத்தான்

எஃப்டி8, பிஎஸ்கே31 மாதிரி டிஜிட்டல் மோடுகளில் (கணினி எழுத்தை ஒலியாக்கி ரேடியோவில் அனுப்பும் முறைகள்) இறங்க நினைக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் பலரும் முதலில் கேட்பது "சிக்னலிங்க் வாங்கலாமா?" என்றுதான். கணினியையும் ரேடியோவையும் ஒலி வழியே இணைக்கும் பெட்டி அது. வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் உங்கள் ரிக்கின் (ரேடியோ செட்டின்) பின்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். ஐகாம் ஐசி-7300, யேசு எஃப்டி-991ஏ, எஃப்டி-710 என்றால் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது, ஒரு யூஎஸ்பி கேபிள் போதும், நீங்கள் இதைப் படிக்கவே தேவையில்லை. கவனிக்க வேண்டியவர்கள் எஃப்டி-891 வைத்திருப்பவர்கள். அதிலும் யூஎஸ்பி சாக்கெட் இருக்கிறது, ஆனால் அது ரிக்கைக் கட்டுப்படுத்த மட்டும்தான், ஒலி அதில் வராது. எஃப்டி-857, 897 போன்ற பழைய ரிக்குகளில் அந்த சாக்கெட்டும் கிடையாது. இவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருக்கும் டைகர்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. கைக்கு அடக்கமான உலோகப் பெட்டி, முன்னால் டிலே (தாமதம்), டிஎக்ஸ் (அனுப்பும் ஒலி அளவு), ஆர்எக்ஸ் (வாங்கும் ஒலி அளவு) என்று மூன்று குமிழ்கள், ஒரு பவர் பட்டன், இரண்டு விளக்குகள். உள்ளே ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, கூடவே ஒலி போகும் வழியிலும் வரும் வழியிலும் டிரான்ஸ்ஃபார்மர். இந்த டிரான்ஸ்ஃபார்மரைக் குறைத்து எடைபோட வேண்டாம். கணினியின் கிரவுண்டும் ரிக்கின் கிரவுண்டும் நேரடியாக ஆடியோ வயரில் சேர்ந்தால் 'ஹம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் உங்கள் சிக்னலோடு சேர்ந்து ஊரெல்லாம் போகும், அதைத் தடுப்பது இதுதான்.

ஒவ்வொரு ரிக்கின் இணைப்பும் ஒவ்வொரு விதம் என்பதால் மூடியைத் திறந்து உள்ளே ஜம்பர் போட வேண்டும். சின்னச் சின்னக் கம்பிகளை ஐசி சாக்கெட் மாதிரியான ஒன்றில் செருகுவது, கண்ணாடி போட்டவர்களுக்குக் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தால் வயரிங் முடிந்த ஜம்பர் மாட்யூல் கிடைக்கும், அப்படியே அழுத்தி மாட்டிவிடலாம், அதை வாங்குவதே நல்லது. பின்பக்கம் ஆறு பின் மினி டின் டேட்டா சாக்கெட் இருக்கும் பெரும்பாலான ரிக்குகளுக்கு ஒரே மாட்யூல்தான்.

டிரைவர் எதுவும் வேண்டாம், செருகியதும் விண்டோஸ் 'யூஎஸ்பி ஆடியோ கோடெக்' என்று அடையாளம் கண்டுகொள்ளும். சிக்கல் அதற்குப் பிறகுதான். புதிதாக வந்த இதையே விண்டோஸ் வழக்கமான ஸ்பீக்கராகவும் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. சிக்னலிங்க் பிடிடி (ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் சுவிட்ச்) போடும் விதம் என்னவென்றால், கணினியிலிருந்து ஒலி வந்தாலே போதும், தானாக ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்குத் தள்ளிவிடும். இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்: ஒரு மெயில் வருகிறது, விண்டோஸ் 'டிங்' என்கிறது, பிடிடி விளக்கு எரிகிறது, அந்த 'டிங்' 40 மீட்டர் பேண்டில் போகிறது! அதனால் முதல் வேலையாக வழக்கமான ஸ்பீக்கரைக் கணினியின் ஸ்பீக்கருக்கே மாற்றுங்கள், எஃப்டி8-ஐ ஓட்டும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் மட்டும் கோடெக்கைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் தரும் ஒலி 'மேம்பாடு'களை எல்லாம் அணைத்துவிடுங்கள், 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் வைத்தால் போதும்.

டிலே குமிழ், ஒலி நின்ற பிறகு ரிக் எவ்வளவு நேரம் டிரான்ஸ்மிட்டில் நிற்கும் என்பதற்கு; எஃப்டி8-க்கு அதை இடது கோடிக்குத் திருப்பி விட்டு மறந்துவிடலாம். 15 நொடிச் சுற்றில் நம் சிக்னல் 12.64 நொடி போகிறது, அடுத்த சுற்று தொடங்க இரண்டரை நொடிக்கும் குறைவாகத்தான் இருக்கும், அந்த நேரத்தில் ரிக் டிரான்ஸ்மிட்டிலேயே நின்றால் எதிராளியின் பதிலை எப்படிக் கேட்பது? ஆர்எக்ஸ் குமிழும் சுலபம், வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும்போது மென்பொருளின் மீட்டர் 30 டெசிபெல் பக்கம் நின்றால் சரி.

டிஎக்ஸ் குமிழுக்காகத்தான் இந்தப் பெட்டிக்குக் காசு கொடுக்கிறோம் என்பேன். ரிக்கின் ஸ்பீச் ப்ராசசரை அணைத்து, மீட்டரை ஏஎல்சி-க்கு (ஒலி மீறும்போது ரிக் தானே அடக்கும் அமைப்பு) மாற்றி, டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சுமை) போட்டு, மென்பொருளின் டியூன் பட்டனை அழுத்திவிட்டு குமிழை அடியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். பவர் ஏறிக்கொண்டே வரும், ஓர் இடத்தில் ஏஎல்சி முள் அசையும், அங்கிருந்து ஒரு மயிரிழை கீழே இறக்கி நிறுத்துங்கள். சாதாரண கேபிளில் இதையே மவுஸால் ஸ்லைடரை இழுத்துச் செய்ய வேண்டும், பேண்ட் மாறும்போது திரும்பச் செய்ய வேண்டியும் வரலாம், விரலால் குமிழைத் திருப்பும் சுகம் அதில் வராது. இதைச் செய்யாமல் முழுசாக ஏற்றி வைப்பவர்களை வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரை) பார்த்திருப்பீர்கள், ஒரே ஆள் சம இடைவெளியில் மூன்று இடத்தில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். 600 ஹெர்ட்ஸ் டோனை அளவுக்கு மீறி ஏற்றினால் அதன் மடங்குகள் 1200, 1800-இல் முளைக்கும், எல்லாமே ரிக்கின் ஃபில்டர் அகலத்துக்குள் வருவதால் தடையில்லாமல் வெளியே போய்விடும். பவரையும் பார்த்துக்கொள்ளுங்கள், 100 வாட் ரிக்கை எஃப்டி8-இல் 30, 40 வாட்டுக்கு மேல் ஓட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது, எஃப்டி-891 மாதிரி சின்ன உடம்புக்கு அந்தச் சூடு நல்லதில்லை.

குறை என்றால் பெரிய குறை ஒன்று: இதில் கேட் (கணினியிலிருந்து ரிக்கைக் கட்டுப்படுத்தும் இணைப்பு) கிடையாது. கேட் இருந்தால் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ரிக்கின் அலைவரிசையைத் தானே நகர்த்தி டிரான்ஸ்மிட் டோனை எப்போதும் 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் வைத்துக்கொள்ள முடியும், மடங்குகள் 3000-க்கு மேலே போய் ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும். இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு அதைத் தராதது எனக்கு உறுத்தல்தான். எஃப்டி-891-காரர்கள் ரிக்கின் யூஎஸ்பி-யையும் சேர்த்துச் செருகிச் சமாளிக்கலாம், பழைய ரிக் வைத்திருப்பவர்கள் தனியாகக் கேட் கேபிள் வாங்க வேண்டும்.

டிஜிரிக் என்று ஒரு குட்டிப் பெட்டி வந்திருக்கிறது, விலை இதைவிட நன்றாகவே குறைவு, சவுண்ட் கார்டு, கேட், பிடிடி மூன்றும் ஒரே யூஎஸ்பி கேபிளில். மலை ஏறி, பையில் ரிக்கோடு போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் குமிழ் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. மேசையில் நிலையாக வைத்து, பேண்ட் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் சிக்னலிங்க் பக்கம் போகலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால், ரிக்கில் செருகுவதற்கு முன் மூடியைத் திறந்து ஜம்பரைப் பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் வேறு ரிக்குக்குப் போட்டிருப்பார், மைக் வழியே வோல்டேஜ் கொடுக்கும் ரிக்கில் அது ஏடாகூடமாகப் போய்விடும்.