ராஸ்பெரி பையில் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கணினி, அதில் டெபியன் லினக்ஸ், பக்கத்தில் 4 டிபி வெளி ஹார்ட் டிஸ்க். வீட்டுப் படங்களுக்கும் கைபேசி பேக்கப்புக்கும் சில வருடங்களாக இதுதான் என் சர்வர். யூஎஸ்பி டிஸ்க்கை நம்பி இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். ஆனால் அது எந்த நேரமும் காணாமல் போகக்கூடும் என்பதைச் சர்வருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சொல்லும் இடம் எஃப்எஸ்டேப், எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது (மவுண்ட் செய்வது) என்று எழுதி வைக்கும் ஃபைல். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை அதில் எழுத வேண்டாம். ஒரு பென் டிரைவ் கூடுதலாகச் செருகியிருந்தால் அடுத்த ரீபூட்டில் எழுத்து மாறிவிடலாம். பிளாக்ஐடி கட்டளை காட்டும் யுயுஐடியை, அதாவது ரீபூட்டில் மாறாத அடையாள எண்ணைப் போடுங்கள். கூடவே நோஃபெயில், அதாவது டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் குறிப்பு. அது இல்லாமல் டிஸ்க்கும் இல்லாமல் பூட் ஆனால், பூட்டை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் கூட வராது. மானிட்டரையும் கீபோர்டையும் தேடித் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

நோஃபெயில் போட்டால் வேறொரு சிக்கல் வரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. டிஸ்க் மவுண்ட் ஆகாமலே சர்வர் எழுந்துவிடும். ராத்திரி பேக்கப் எடுக்க ஓடும் ஆர்சிங்க், காலியாகக் கிடக்கும் மவுண்ட் ஃபோல்டரை டிஸ்க் என்றே நினைத்து எல்லாவற்றையும் சிஸ்டம் இருக்கும் எஸ்டி கார்டில் கொட்டும். கார்டு நிறைந்ததும் மற்ற வேலைகளும் நின்றுபோகும். நான் செய்து வைத்திருப்பது இது: டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்தக் காலி ஃபோல்டர்மேல், அதை மாற்ற முடியாதபடி பூட்டும் சாட்டர் +ஐ கட்டளை. அதற்குப் பிறகு எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரால்கூட அதற்குள் ஒரு ஃபைல் உருவாக்க முடியாது. டிஸ்க் மவுண்ட் ஆகிவிட்டால் வழக்கம்போல எழுதலாம். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் காப்பாற்றியது இந்த ஒரே வரிதான்.

ஃபார்மேட் விஷயம் சுருக்கமாக. கடையிலிருந்து வரும்போது எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ இருக்கும். எக்ஸ்ஃபேட்டில், திடீரென்று கரண்ட் போனால் மீள உதவும் ஜர்னலும் கிடையாது, லினக்ஸ் பெர்மிஷனும் கிடையாது. சர்வரை விட்டு நகராத டிஸ்க்குக்கு இஎக்ஸ்டி4 போதும். அது ரூட்டுக்கென்று 5 சதவீத இடத்தை ஒதுக்கிவிடும், 4 டிபியில் சுமார் 200 ஜிபி! டேட்டா மட்டும் வைக்கும் டிஸ்க்குக்கு அது வீண், டியூன்2எஃப்எஸ் கட்டளையை வைத்து பூஜ்யமாக்கிவிட்டேன்.

அடுத்தது கரண்ட். பை 4-இன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போதே அதில் பெரும்பகுதியைக் கேட்கும், இரண்டாவதை மாட்டினால் கதை முடிந்தது. தனி அடாப்டர் உள்ள 3.5 அங்குல டிஸ்க்கோ, தனி மின்சாரம் உள்ள ஹப்போ வாங்கிவிடுங்கள்.

கரண்ட் சரியாக இருந்தும் சிஸ்டம் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் 'ரீசெட்' வரிகள் திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க் பெட்டிக்குள் யூஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் யூஎஸ்பி-சாட்டா சிப்பைச் சந்தேகப்படுங்கள். சில சிப்கள் யுஏஎஸ் என்ற வேகமான யூஎஸ்பி முறையில் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. நான் பழைய ஒரு பெட்டிக்கு பூட் அமைப்புகள் உள்ள சிஎம்டிலைன் ஃபைலில் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் என்ற அமைப்பைச் சேர்த்து யுஏஎஸ்ஸை நிறுத்திய பிறகுதான் ரீசெட் நின்றது. வேகம் கொஞ்சம் குறைந்தது. பெரிய ஃபைல்களை நெட்வொர்க்கில் எடுக்கும்போது வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம், புதுப் பெட்டி வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கூடவே '-டி சாட்' என்ற ஆப்ஷனைப் போட்டும் டிஸ்க்கின் உடல்நிலை தெரியவில்லை என்றால், என்னைப் பொறுத்தவரை அந்தப் பெட்டி சர்வருக்கு ஆகாது. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.